வாட் கணக்கை நம்பலாமா?

வீட்டிலேயே சினிமாக் கொட்டகை அமைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் டெலிவிஷன் வாங்குகிறார்கள். பிறகு ஒலிபெருக்கிகள். எல்லாவற்றையும் இணைத்து ஓட்டுகிற ரிசீவர் பெட்டியின் நினைவு கடைசியில்தான் வருகிறது. பணம் வீணாவதும் அங்கேதான்!

கடைக்காரர் என்ன காட்டுவார்? "சேனலுக்கு 150 வாட்" என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைக் காட்டுவார். அந்த எண் எப்படி வந்தது? பல சமயம், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு சுருதியில், ஒலி 10 சதவீதம் சிதையும் வரை முடுக்கி எடுத்த கணக்கு அது. 7 சேனலுக்கும் மின்சாரம் கொடுப்பது ஒரே டிரான்ஸ்பார்மர். சண்டைக் காட்சியில் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது, ஒவ்வொன்றுக்கும் 150 எங்கிருந்து வரும்?

இது புதிய பித்தலாட்டம் அல்ல. 1974-லேயே அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் இதற்காக ஒரு விதி போட்டது. 2024-ல் அதைத் திருத்தி இறுக்கியது. 8 ஓம் பளுவில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 1 சதவீதத்துக்குள் இருக்க அளந்த வாட்டைச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அது அமெரிக்காவில்தான் செல்லும். மற்ற நாட்டுக்காரர்கள் கைப்புத்தகத்தைப் புரட்டி, "இரண்டு சேனல் ஓடும்போது" என்று போட்டிருக்கும் சிறிய எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். 87 டெசிபல் ஒலிபெருக்கிக்குப் பதில் 90 டெசிபல் ஒலிபெருக்கி வாங்கினால், பழைய ரிசீவரிலேயே அந்த லாபம் கிடைத்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்வாரா?

கைமாறும் கம்பெனிகள்

ரிசீவர் தொழிலே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஜப்பானின் பழைய கம்பெனியான ஆன்கியோ 2022-ல் திவாலாயிற்று. அதே ஆண்டு டெனான், மராண்ட்ஸ் உள்ளிட்ட பிராண்டுகளைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது மாசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி! 2025-ல் அவற்றை 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. வாங்கியது ஹார்மன், அதன் சொந்தக்காரர் சாம்சங். டெலிவிஷனுக்கு அடியில் வைக்கும் சவுண்ட்பாரை விற்றுக் குவிக்கும் சாம்சங், ரிசீவருக்கு எவ்வளவு பணம் செலவழிக்கும் என்பதே கேள்வி.

புதுமைக்கு அவசரப்படுவதும் ஆபத்து. 2020-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.1 ரிசீவர்கள் பலவற்றில் சில்லு பழுது. புதிய எக்ஸ்பாக்ஸை இணைத்து 4கே 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால், திரை கறுத்துப் போயிற்று. யமஹா உள்ளே இருந்த போர்டையே மாற்றிக் கொடுத்தது. டெனானும் மராண்ட்ஸும் தனிப் பெட்டி ஒன்றை இலவசமாகக் கொடுத்தன. ரிசீவர் வாங்குமுன், இப்படி ஒரு பழுது வந்தால் உங்கள் ஊரில் யார் கவனிப்பார் என்று கேளுங்கள். வாட்டைப் பிறகு பார்க்கலாம்.