திறந்த காருக்கு ஒரு மூடுதுணி

சென்ற மாதம் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைக்கு இரட்டை அடித்துணி வைத்துத் தைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர், "தடித்த துணி தைக்கப் பழகினால் பையைத் தவிர வேறு என்ன வேலை வரும்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் மெசின் எங்கள் பக்கத்தில் ஓர் ஒழுங்கைக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். எல்லோரும் பிளவுஸ்தான் தைக்கிறோம். ஒருவர் ஐம்பது ரூபாய் குறைத்தால் மற்றவர்களும் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த முறை நான் செய்த ஒரு வித்தியாசமான வேலையை, அதில் எனக்கு வந்த நட்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பழைய திறந்த கார் ஒன்றுக்கு மூடுதுணி தைத்த வேலை அது.

பழைய கார் என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது ஏ-40உம் மொரிஸ் மைனரும்தான். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. எங்களில் எத்தனை பேர் பிள்ளைப்பேற்றுக்கு அந்தப் புகைக்குள் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்! ஆனால் 2014ஆம் ஆண்டு நான் வேலை பழகிய குசன் கடைக்கு வந்தது வேறு மாதிரியான கார். எம்.ஜி. ரி.டி. என்று பெயர். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1949இலிருந்து 1953வரை செய்தார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை கிடையாது, மழை வந்தால் மட்டும் இழுத்துவிடும் ஹூட் ஒன்று ஆசனத்துக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தகப்பனாரின் காரைத் திருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடையில் எல்லோரும் வான் ஆசன வேலையில் இருந்ததால் முதலாளி என்னைப் பார்த்து, "நீங்கள் செய்து பாருங்கோ, தங்கச்சி" என்றார்.

இந்த மூடுதுணி ஹூட் அல்ல, முதலில் அதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஹூட் தலைக்கு மேலே நிற்கும். இது காரை நிறுத்திவிட்டுப் போகும்போது முன்தட்டிலிருந்து ஆசனத்தின் முதுகுவரை ஒரு பெட்டியின் வாயைக் கட்டுவதுபோல இழுத்து மூடுவது. நடுவில் நீளமாக ஒரு சிப் ஓடும். ஓட்டுபவர் தனியாகப் போனால் தன் பக்கத்துப் பாதியை மட்டும் திறந்து ஆசனத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, மற்றப் பாதி மூடியபடியே ஓட்டிப் போவார். ஆங்கிலத்தில் இதை 'டொன்னோ' உறை என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல், பீப்பாய் என்று பொருள். மிகப் பழைய கார்களின் பின்பகுதி பீப்பாய் போல வளைந்திருந்ததால் வந்த பெயராம்.

நாற்சதுரமாக இரண்டு துண்டை வெட்டி நடுவில் சிப்பை வைத்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தபோதே அந்த எண்ணம் போய்விட்டது. முன்தட்டு வளைவு, கதவுகள் இறக்கம், பின்பக்கம் அகலம். அதோடு ஸ்ரியரிங் வளையம் எல்லாவற்றுக்கும் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. அளவுநாடாவால் எழுதிக்கொண்டு போய் இதை வெட்ட முடியாது. காரின் மேலேயே வைத்து மாதிரி எடுக்க வேண்டும்.

அதற்குக் கடதாசியைவிடத் தடித்த, ஊடாகத் தெரியும் பொலித்தீன் நல்லது. காரின் உடம்பில் பழைய பூட்டுக் குமிழ்கள் இருக்கும். பொலித்தீனுக்குக் கீழே அவை எங்கே இருக்கின்றன என்று அப்படியே தெரியும். அதை இழுத்து, ஒட்டுநாடாவால் சுற்றிவர ஒட்டி, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஆக்கவேண்டும். தொய்ந்த மாதிரியிலிருந்து தொய்ந்த துணிதான் வரும். பிறகு மார்க்கர் பேனையால் குமிழ்களின் நடு, துணி முடியவேண்டிய ஓரம், சிப் ஓடும் கோடு, ஸ்ரியரிங் வளையத்தின் வட்டம் எல்லாவற்றையும் வரையவேண்டும். எனக்கு இதற்கே ஒரு முழுப் பகல் போனது. காரின் மேலே குனிந்தபடி ஒரு பெண் கோடு போடுவதைப் பார்த்துக் கராஜ் பொடியன்கள் சிரித்தார்கள். பின்னேரம் அவர்களே வந்து பொலித்தீனின் மறு மூலையைப் பிடித்துத் தந்தார்கள்.

தண்ணீர் எங்கே தேங்கும் என்று கடை முதலாளி எனக்குச் சொல்லித்தர வெளிக்கிட்டார். நான் சிரித்துவிட்டேன். 2009இல் செட்டிகுளத்தில் தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் இருந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? தொய்ந்த இடத்தில் முதலில் ஒரு கையளவு தேங்கும். அந்தப் பாரத்தில் இன்னும் தொய்யும், பிறகு குடக்கணக்கில் நிற்கும். இரவில் தடியால் முட்டித் தள்ளிய பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. மூடுதுணியும் அதே கதைதான். இறுக்கமாக இருக்கவேண்டும், ஸ்ரியரிங் வளையத்தின் உயரத்திலிருந்து பின்னுக்கும் பக்கத்துக்கும் சரிவு கிடைக்கவேண்டும். அப்படித் தைத்தாலும் இது தூசிக்கும் வெயிலுக்கும் சிறு தூறலுக்கும்தான். மாரி மழையில் வெளியே விட்டால் நனையும். இதைக் காரின் சொந்தக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு உங்கள் தையலைக் குறை சொல்லமாட்டார்.

ஸ்ரியரிங்குக்கு ஒரு பை மாதிரிப் பிடிக்கவேண்டும். இதில் பிளவுஸ் தைப்பவர்களுக்கு ஆண் தையற்காரரைவிடக் கை கூடுதலாகவே ஓடும் என்பது என் அபிப்பிராயம். தட்டையான துணியை உருண்டையான இடத்துக்கு ஏற்றதாக்க நெஞ்சுப் பக்கத்தில் டாட் பிடிக்கிறோமே, அதே வேலைதான். பொலித்தீனை வளையத்தின்மேல் படியவிட்டு, மிஞ்சுவதைக் கிள்ளி ஒட்டினால் டாட் எங்கே வரும், எவ்வளவு வரும் என்று அதுவே காட்டிவிடும். பழைய படுக்கைவிரிப்பு ஒன்றில் வெட்டி ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பதால் பை வலப் பாதியில் வரவேண்டும். மாதிரியைக் கவனிக்காமல் புரட்டிப் போட்டு வெட்டினால் அது இடப்பக்கம் போய்விடும்.

துணியில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரெக்சின் போல மேலே பூச்சுள்ளது. மற்றது இரண்டு துணிக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டிய ஹூட் துணி. பெரும்பாலும் 60 அங்குல அகலத்தில் வரும். எதுவானாலும் இரண்டு பாதியையும் ஒரே போக்கில் வெட்டவேண்டும். நீளவாட்டில் ஒன்றும் குறுக்குவாட்டில் ஒன்றுமாக வெட்டினால் ஒரு பாதி கூடுதலாக இழுபடும். குண்டூசி குத்தக்கூடாது, குத்தின துளை மூடாது. உடுப்புக் காயவிடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசி 18ஆம் இலக்கம். நூல் தடித்த பொலியெஸ்டர். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் உக்கிப்போகும். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தெடுத்தால் துளையால் கசிவது குறையும். ஓர் அங்குலத்துக்கு ஆறு தையலுக்குமேல் போகவேண்டாம். நெருக்கித் தைத்தால் பலம் என்பது மெல்லிய துணிக்கு. ரெக்சினில் நெருக்கினால் முத்திரை கிழிப்பதுபோல வரிசையாகக் கிழிந்துவரும்.

வீட்டிலுள்ள பழைய இரும்புக் கால்மெசினில் இரண்டு மடிப்பைச் சில்லைக் கையால் உருட்டி மெதுவாகத் தைக்கலாம். ஓரம் மடித்து, சிப்பும் சேரும் இடத்தில் நான்கு மடிப்பு வரும். அதை அந்த மெசினில் தைத்து ஊசித்தண்டை வளைத்துக்கொள்ளாதீர்கள். குசன் கடையில் துணியை மேலும் கீழும் சேர்த்து நகர்த்தும் பாரமான மெசின் இருக்கும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அதற்குக் கூலி கொடுத்தாவது தைப்பது புத்தி.

இனி என் நட்டத்துக்கு வருகிறேன். துணியை நிலத்தில் விரித்து, பின்பக்கம் என் பக்கமாக இருக்கக் குந்தி வேலை செய்தேன். சட்டையின் முதுகில் சிப் மேல்நோக்கி மூடும் அல்லவா? என் பக்கம் இருந்ததையே மேல் என்று கை எடுத்துக்கொண்டது. மூடும்போது சிப்பின் பிடி பின்னுக்கு வரும்படி தைத்துவிட்டேன். தையல் வடிவாகத்தான் இருந்தது. காரில் போட்டுப் பார்த்தபோதுதான், ஓட்டுபவர் ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிப் பிடியைத் தேடவேண்டும் என்று தெரிந்தது. தேடித் திறந்தாலும் முன்தட்டுப் பக்கத்தில் இரண்டு பாதியும் சேர்ந்தே நிற்கின்றன. அவரால் உள்ளே இருக்கவே முடியாது. பிடி மூடும்போது முன்னுக்கு வரவேண்டும். முன்னிருந்து பின்னுக்குத் திறக்கவேண்டும். பிரித்துத் திருப்பித் தைக்கலாம் என்றால், அது ரெக்சின். பழைய துளையோடு புதிய துளையும் சேர்ந்து அந்த வரியே கிழிந்துவிடும். கொழும்பிலிருந்து எடுத்த துணி முழுவதும் வீண். புதுத் துணியின் விலையை என் கூலியில் இரண்டு தவணையாகக் கழித்தார்கள். அந்த மாதம் பிள்ளையின் ரியூசன் காசு கட்டவில்லை.

அதன்பிறகு மாதிரியிலேயே பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: முன், பின், வலம், இடம், வெளிப்புறம், சிப் திறக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி. வெட்டுவதற்குமுன் காரின் சொந்தக்காரரை ஆசனத்தில் இருக்கச்சொல்லி, எப்படி ஏறுவீர்கள், எந்தக் கையால் திறப்பீர்கள் என்றும் கேட்கிறேன். பிளவுஸ் தைக்கும்போது போடுகிறவரை நிற்கவைத்து அளக்கிற நான் காருக்கு மட்டும் அதைச் செய்யாமல் விட்டேன்.

பூட்டுகளைக் கடைசியில்தான் போடவேண்டும். மாதிரியில் குறித்த எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் துளை போட்டுவிட்டால் ஒன்றிரண்டு சேராமல் நிற்கும். துணியை ஒரு மணித்தியாலம் வெயிலில் விரித்து இளகவைத்து, முன் ஓரத்தின் நடுவில் முதலாவது, பிறகு அதன் இரு பக்கமும், பின்பு பின் ஓரத்தின் நடு, அதன்பின் இடமும் வலமுமாக மாறி மாறி, ஒவ்வொன்றாக இழுத்துக் குறித்துப் போடுங்கள். பூட்டு வரும் இடத்துக்கெல்லாம் உள்ளே ஒரு துண்டுத் துணி கூட வைக்கவேண்டும். இவ்வகைக் கார்களுக்கு வரும் பூட்டு ஒன்றில் மேலே ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்தப் பக்கத்தால் தூக்கினால்தான் கழரும், மற்றப் பக்கங்களால் எவ்வளவு இழுத்தாலும் வராது. அந்தப் புள்ளி துணியின் ஓரத்தைப் பார்க்க இருக்கவேண்டும். இரும்புப் பூட்டு வேண்டாம், கடற்காற்றில் ஒரு மாரிக்குள் துருவேறித் துணியையும் கறையாக்கும். பித்தளை நல்லது. காரில் உள்ள குமிழ் ஆடினால் அதற்குமேல் இழுக்காதீர்கள். இந்தக் காரின் தகடு மரச்சட்டத்தின்மேல் அறைந்தது, திருகாணி மரத்தில்தான் பிடித்திருக்கிறது. மரம் உக்கியிருந்தால் தச்சர் பார்க்கவேண்டிய வேலை அது.

கூலி விஷயம். அளவெடுத்தது, வெட்டியது, தைத்தது, பூட்டுப் போட்டது என்று பிறகு கணக்குப் பார்த்தால் பழுதான தடவையைச் சேர்க்காமலே 31 மணித்தியாலம் வந்தது. நான் தையலுக்கு மட்டும், அதாவது பாதி நேரத்துக்குத்தான் காசு கேட்டிருந்தேன். அளவெடுக்கிற நாளும் வேலை நாள்தான், அதையும் எழுதிக் கேளுங்கள். துணி, சிப், பூட்டு மூன்றையும் சொந்தக்காரரே வாங்கித் தரட்டும், அல்லது முன்பணம் தரட்டும். என்ன செய்து தருவது, என்றைக்குத் தருவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த எம்.ஜி. கார் ஒவ்வொரு கிழமையும் வராது. எனக்கே அதன்பிறகு ஒன்றுதான் வந்தது. ஆனால் பொலித்தீன் போட்டு மாதிரி எடுக்கத் தெரிந்தவர் என்று கடையில் பெயர் வந்ததால் முச்சக்கரவண்டி ஹூட், படகு இயந்திர உறை, உழவு இயந்திர ஆசனம் எல்லாம் என்னிடம் வந்தன. இவற்றுக்கு எங்கள் ஊர்களில் வேலை இருக்கிறது. அடுத்த மாதம் முச்சக்கரவண்டி ஹூட்டின் பக்கத்திரை பற்றி எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மூடுதுணியைக் கையளிக்கும்போது, நனைந்தால் நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் மடிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஈரத்தோடு மடித்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அந்த மணம் போகவே போகாது.