டயரைப் பார்க்காதீர்கள், கயிற்றின் மேல்முனையைப் பாருங்கள்

ஆனைக்குட்டத்தில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதுகிறானே இந்தக் கிழவன் என்று சிலர் சிரிக்கலாம். அர்ச்சுனா நதி அணையில் தண்ணீர் நின்றாலே நமக்குச் செய்திதான். ஆனால் தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் நாம்தானே? விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் போய்வராதவர் நம்மில் குறைவு. படகு துறையை ஒட்டும்போது ‘தொம்’ என்று ஓர் அதிர்வு வருமே, அதை வாங்கிக்கொள்வது இடையில் இருக்கும் ரப்பர்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு ஃபெண்டர் என்று பெயர். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் ‘பார்-பத்தாழ்’. அடியைத் தடுப்பது என்று பொருள். சுமைதாங்கிக் கல் மாதிரி இதை ‘அடிதாங்கி’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை.

அந்தக் காலத்துப் புதுச்சேரிக் கரையில் ஓடிய சலங்குகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகே கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இன்றைய ஃபைபர் படகு அப்படியல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிவிட்ட இந்தப் படகுகள் இலேசானவை, மரம்போல் உளுக்காதவை. ஆனால் சிமெண்ட் சுவரில் நாலு முறை மோதினால் கீறல் விழும், அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

அதனால் எல்லோரும் டயர் தொங்கவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. எதில் தொங்கவிடுகிறார்கள் என்பதில்தான் குறை.

அரியாங்குப்பத்தில் என் அண்ணன் மகன் ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறான். டயரைக் கைப்பிடிக் குழாயில் கட்டியிருந்தான். ஒருநாள் படகு அலையில் மேலே எழும்பியபோது டயர் துறையின் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. குழாய் அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. “சித்தப்பா, இன்னும் நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கிடட்டுமா?” என்றான்.

நாலு போதாது, நாற்பதும் போதாது. மெல்லிய ஃபைபரில் ஸ்க்ரூ தன் மரையால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் மாட்டிக்கொண்டால் படகின் பாரம் முழுவதும் அந்த மரையில்தான் விழும். வேண்டியது மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட்டு, உள்ளே அகலமான ஒரு தகடு, வாஷர், நட்டு. தகடுதான் இழுவையைப் பரவலாக்கும். போட்ட துளையை அப்படியே விடக்கூடாது. உள்ளே பிளைவுட் இருந்தால் அது தண்ணீர் குடித்து ஊறிவிடும். ரெசின் பூசி, சீலண்ட் வைத்து முறுக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் லாயக்கு. சாதா இரும்பு துருவை வழியவிடும்.

படகின் அகலமான நடுப்பகுதியில் ஒரு வளையம், அணியத்துப் பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று. இருபுறமும் சேர்த்து ஆறு. படகைத் துறையில் கட்டும் கயிறு வேறு வளையத்தில் இருக்கட்டும். டயர்க் கயிறு போல்ட்டைவிடச் சற்று மெலிந்ததாக இருப்பதும் நல்லது. அறுந்தால் கயிறு அறுந்து போகட்டும், படகு பிழைக்கும். டயரின் அடியில் ஓட்டை போடவும் மறக்காதீர்கள். மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அது பிரசவ வார்டு.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு எஞ்சின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனாலும் இது ஏன் விட்டுப்போகிறது? மதிப்பீட்டுப் பட்டியல்களை முப்பது வருஷம் தட்டச்சு செய்தவன் சொல்கிறேன்: எஞ்சினை யாரும் அடிக்க மாட்டார்கள், பெயின்ட்டை அடிக்க மாட்டார்கள். ‘இதர சில்லறைச் சாமான்கள்’ என்ற வரியில்தான் சிவப்பு மை முதலில் விழும். வளையமும் போல்ட்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடிதாங்கி இல்லாத படகை எதைக்கொண்டு தடுக்கிறார்கள் என்று எந்தத் துறையிலும் நின்று பாருங்கள். பதினெட்டு இருபது வயதுப் பையன் காலை நீட்டி உந்துவான். ஆட்களோடு வரும் படகுக்கும் கருங்கல்லுக்கும் நடுவில் ஒரு கால். விரல் போன கையை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே ஏரியோ கடலோ, அரசுப் பணத்தில் படகு வாங்கும் எந்த ஒப்பந்தப் புள்ளியிலும் இந்த ஆறு வளையங்களைத் தனி வரியாக, எண்ணிக்கையோடும் தகட்டின் அளவோடும் எழுத வேண்டும். ‘இதர’வில் சேர்க்கக் கூடாது. பயணிகள் படகுக்கு உரிமம் தரும்போதும் உயிர்காப்பு உடைகளை எண்ணுகிறவர், குனிந்து உள்பக்கத் தகட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.