தொட்டெழும் நாதம்

சான்பாடாவில் நாம் குடியிருக்கும் கட்டடத்தில், நமக்கு மேல்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அவ்வீட்டுச் சிறுமி பியானோ பயில்கிறாள். தேர்வு நெருங்கியமையால் மாலைதோறும் ஒரே உருப்படி நம் தலைக்குமேல் ஒலிக்கும். அதன் பெயர் டொக்காட்டா என்பதாம். சென்ற திங்கள் அவள் தந்தையார் நம்மிடம் வந்து மனம் நொந்தார். "இதில் பாட்டும் இல்லை; தாளமும் நிற்கவில்லை. வெறும் விரலோட்டத்துக்கா இவ்வளவு பணம்? இந்தத் தேர்வோடு நிறுத்திவிடப் போகிறேன்" என்றார்.

அன்று அவருக்கு நாம் கூறியதை இன்று சற்று விரித்துக் கூறுவோம்.

இத்தாலிய மொழியில் 'டொக்காரே' என்றால் தொடுதல். பாடப்படுவது கான்டாட்டா, தொட்டு வாசிக்கப்படுவது டொக்காட்டா. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் இவ்வகை தழைத்தது. அங்குள்ள புனித மாற்கு ஆலயத்தில் ஆர்கன் வாசித்த மெருலோ இதில் பேர் பெற்றவர். கருவியைத் தொட்டுப் பார்த்து, சுருதியையும் தம் விரலையும் பதப்படுத்திக்கொண்டு, மனத்தில் எழுந்ததை அப்போதே வாசிக்கும் வழக்கத்திலிருந்து பிறந்தது இவ்வடிவம். பின்னரே அதை ஏட்டில் எழுதினர்.

ரோமாபுரியில் ஃப்ரெஸ்கோபால்டி என்பார் 1615-இல் டொக்காட்டா நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் முன்னுரையில், இவற்றைக் கட்டான தாளத்துக்கு உட்படுத்தாமல், உணர்ச்சிக்கு ஏற்ப ஓரிடத்தில் தாழ்த்தியும் ஓரிடத்தில் விரைந்தும் வாசிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆகவே, தாளம் நிற்கவில்லை என்று நண்பர் குறையாகக் கண்டது, அவ்வடிவத்தின் பிறவிக் குணமேயாகும்.

ஜெர்மனியில் பாக் என்னும் மேதையின் பெயரால் வழங்கும் ஆர்கன் டொக்காட்டா உலகறிந்தது. அதன் தொடக்கத்து இடிமுழக்கத்தைத் திகில் படங்களில் கேளாதார் அரியர். முதலில் கட்டற்ற வீச்சு. அதன்பின் 'ஃபியூக்' எனும் கட்டுக்கோப்பான பகுதி. அதில் ஒரே இசைவரியைக் குரலுக்குப் பின் குரலாகத் தொடர்ந்து எடுத்துச் செல்வர். பிற்காலத்தில் ஷூமன், 1912-இல் ப்ரோகோஃபியெவ் போன்றோர் இயற்றிய டொக்காட்டாக்களோ இடைவிடாது ஓடும் பொறி போன்றவை. அவற்றில் தாளமே தலைவன்.

நிற்க. இதைக் கேட்கும் தமிழர்க்கு நம் தானம் நினைவுக்கு வரவில்லையா? இராகம், தானம், பல்லவி என்னும் மூன்றில் நடுவே நிற்பது அது. அதற்குத் தாள ஆவர்த்தனம் இல்லை. ஆயினும் நடை உண்டு. 'அனந்தம்', 'ஆனந்தம்' என்னும் அசைகளை வாய்ப்பாட்டினர் கொட்டுவர். வீணையிலோ விரல் தந்தியை மீட்ட, பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றும் உடன் ஒலிக்க, தானம் தனி அழகு பெறும். அது பல்லவிக்கு வழி திறக்கிறது. டொக்காட்டா ஃபியூகிற்கு வழி திறக்கிறது.

இரண்டும் ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. தானம் இராகத்தின் எல்லைக்குள் அந்நேரத்துக் கற்பனையாய் மலர்வது. டொக்காட்டா எழுதி வைத்தது, பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பது. வீணைத் தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். பியானோவின் கட்டை அதற்கு இடங்கொடாது. அந்நிய வாத்தியம் என்று ஒதுக்கவும் நமக்கு நியாயமில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வந்த வயலின் இன்றி இன்று நம் கச்சேரி ஏது?

இவ்வளவு கூறியும் நண்பர் மனம் இளகவில்லை. இளக்கியவர் அவருடைய தாயார்.

அம்மூதாட்டியார் கும்பகோணத்தில் வீணை பயின்றவர். மணமாகி மாதுங்காவுக்கு வந்தபோது, ஓர் அறை வீட்டில் வீணையைக் கிடத்த இடமில்லை. அன்று பரணேறிய வீணை, வீடு மாறியும் பரண் இறங்கவில்லை. பேத்திக்கோ தமிழ் படிக்க வராது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. சாப்பிட்டாயா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. ஒருநாள் மாலை கிழவியார் பியானோவின் அருகே வந்து அமர்ந்தார். "இது தானம் வாசிக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! எங்கே கண்ணு, இன்னொரு தடவை வாசி" என்றார். "தானம் என்றால் என்ன பாட்டி?" என்றாள் குழந்தை. பல்லாண்டுகளுக்குப் பின் அக்குரல் நாட்டையில் தானம் பாடிற்று. தந்தையார் வாயிலில் நின்று கேட்டாராம்.

அன்பர்களே, பிள்ளைகள் கற்பது நமக்குப் புரியவில்லை என்பதற்காக அதை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். அருகே அமர்ந்து ஒருமுறை கேளுங்கள். நம் வீட்டுப் பொருளொன்று அதனுள் பதுங்கியிருக்கலாம்.

அடுத்த தேர்வுக்கும் பணம் கட்டியாயிற்று. வீணையும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் மெழுகு வெடித்து மெட்டுகள் ஆடுகின்றன. மேளம் கட்டத் தெரிந்தவரை நண்பரே தேடி அலைகிறார். மும்பையில் அத்தகையோரை அறிந்த அன்பர் எவரேனும் இருப்பின், நமக்கு ஒரு வரி எழுதி உதவுக.