அப்பாவுக்கு ஒரு கிரீன் கார்டு

அந்தக் காலத்தில் ரிடையர் ஆனவர்கள் காசிக்குப் போனார்கள். காசிக்கு விசா கிடையாது. பாங்க் பாஸ்புக்கைக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. 'எப்போது திரும்புவாய்?' என்ற கேள்வியும் இல்லை. திரும்பாவிட்டால் இன்னும் விசேஷம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ரிடையர் ஆனவர்கள் பிள்ளை இருக்கும் தேசத்துக்குப் போகிறார்கள். அங்கே கேட்பது மூன்று கேள்விகள். பணம் எவ்வளவு இருக்கிறது? உடம்பில் என்ன கோளாறு? எப்போது கிளம்புவாய்? உலகத்தில் உள்ள அத்தனை சர்க்கார்களும் வயசானவர்களைப் பார்த்துக் கேட்பது இந்த மூன்றைத்தான். ஃபாரத்தின் கலர்தான் வேறு.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். எங்கள் குடியிருப்பில் எழுத்து வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீஸில் எட்டு மணி நேரம் ஃபாரத்தோடு குடும்பம் நடத்துகிறவன் வீட்டுக்கு வந்தும் அதையே செய்ய ஆசைப்படுவான் என்று ஒரு பரந்த நம்பிக்கை. அப்படித்தான் மாடி வீட்டு ஹெட்மாஸ்டர் ஸாரின் கேஸ் ஆறு மாதமாக என் மேஜையில் இருக்கிறது.

ஸாருக்கு வயது 73. ஒரே பையன், சிகாகோ பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம் அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டான். அங்கே 21 வயது நிரம்பிய பிரஜை தன் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு கேட்டு மனுப் போடலாம். வெறும் கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளை போட முடியாது. பெற்றோருக்கு வருஷத்துக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பும் இல்லை. இதுவே கூடப் பிறந்தவர்களுக்குப் போட்டால், இந்தியர்கள் பதினைந்து வருஷத்துக்கு மேல் க்யூவில் நிற்க வேண்டும். அமெரிக்காக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, அம்மா அவசரம், மச்சான் நிதானம் என்று.

சரி, பெயரிலிருந்து ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்தோம். முதல் கட்டத்திலேயே முட்டுச்சந்து. 'குடும்பப் பெயர்' என்ன? நமக்கு ஏது? இனிஷியல்தானே? பாஸ்போர்ட்டில் ஸாருக்கு அவருடைய அப்பா பெயர். டீச்சரம்மாவுக்குப் புருஷன் பெயர், அதாவது ஸார் பெயர். பையனுக்கும் அப்பா பெயர், அதாவது ஸார் பெயர். அமெரிக்கக் கணக்குப்படி டீச்சரம்மாவும் பையனும் ஒரே குடும்பம். ஸார் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர். "உண்மையும் அதுதான்" என்றார் டீச்சரம்மா, காப்பியை வைத்தபடி.

அடுத்தது பிறந்த சான்றிதழ். ஸார் பிறந்தது லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில். பதிவாவது ஒன்றாவது! ஸ்கூலில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தேதி ஜூன் 1. வேடிக்கை என்னவென்றால், ஸாரும் பிற்பாடு ஹெட்மாஸ்டராகி ஒரு தலைமுறைக்கே ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வழங்கியவர். ஆண்டவன் கணக்கு வைத்திருந்திருக்கிறான்.

பிறப்பு பதிவாகவில்லை என்றால், 'பதிவு கிடைக்கவில்லை' என்று அதிகாரியிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். கூடவே, இவர் பிறந்ததை நேரில் அறிந்த, வயதில் மூத்த உறவினர் யாராவது பிரமாணப் பத்திரம் தர வேண்டும். 73 வயதுக்காரர் பிறந்ததைப் பார்த்தவர் இருந்தாக வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, ஞாபகமும் இருக்க வேண்டும். நல்லவேளை, ஸாருக்கு 85 வயதில் ஓர் அக்கா. நோட்டரி முன்னால் பாட்டி கணீரென்று சொன்னார்: "ஐப்பசி அடைமழை. மருத்துவச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க."

ஜூன் மாதத்தில் ஐப்பசி மழை. நோட்டரி பேனாவை மூடி வைத்துவிட்டார். ஸ்கூல் சான்றிதழில் ஒரு தேதி, அக்காவின் ஞாபகத்தில் ஒரு தேதி, இரண்டுக்கும் காரணம் இன்னது என்று உள்ளது உள்ளபடி எழுதிய பிறகுதான் மறுபடி திறந்தார்.

இந்த இழுபறியில் ஸாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அமெரிக்காதான் உலகமா? வேற தேசமே இல்லையா தம்பி?" என்று எண்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேசங்களுக்கெல்லாம் ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் தயாரிக்க ஆரம்பித்தார். நான் படித்துச் சொல்வேன். அவர் மார்க் போடுவார்.

தாய்லாந்து: 50 வயது ஆகியிருந்தால் போதும். பாங்க்கில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். 90 நாளைக்கு ஒரு தடவை 'இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன்' என்று சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். "அட்டெண்டன்ஸ் எடுக்கறான். நல்ல பழக்கம்" என்று அறுபது மார்க்.

மலேசியா: வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க 2002 முதல் ஒரு திட்டம். மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2021-ல் 40,000 என்றார்கள். அப்புறம் மறுபடியும் மாற்றினார்கள். "பரீட்சைக்கு நடுவுல சிலபஸ் மாத்தறவன்" என்று முப்பது.

நியூஸிலாந்து: 66 வயது ஆனவர்களுக்கு இரண்டு வருஷ விசா. ஏழரை லட்சம் நியூஸிலாந்து டாலர் முதலீடு, செலவுக்குக் கையில் ஐந்து லட்சம், போதாததற்கு வருஷம் 60,000 வருமானம். ஸார் மார்க் போடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இங்கிலாந்து: வசதியுள்ள ரிடையர் ஆசாமிகளுக்கு இருந்த விசாவை 2008-ல் மூடிவிட்டார்கள். பிள்ளையோடு போய் இருக்கலாமென்றால், 2012-ல் வந்த விதிப்படி குளிப்பாட்டவே ஆள் வேண்டும் என்ற நிலையில் இருக்க வேண்டும். அந்த ஆள் சொந்த ஊரில் கிடைக்கவும் கூடாது. "அப்ப ப்ளேன் ஏறறது எப்படி?" என்றார் ஸார். நியாயமான சந்தேகம்.

ஆஸ்திரேலியா: பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக இருக்கிறார்களா என்று ஒரு கணக்கு. தேறினால் ஆளுக்கு 43,600 டாலருக்கு மேல் கட்டுகிற க்யூ ஒன்று. அவ்வளவு கட்ட முடியாதவர்களுக்கு வேறொரு க்யூ. அதில் 30 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அவர்கள் சர்க்காரே சொல்லியிருக்கிறது. 65 வயதில் மனுப் போட்டால் 95-ல் கூப்பிடுவார்கள். நாம் யாரையாவது எதிர்பார்த்துக் கட்டிலில் படுத்திருப்போம். வருவது ஆஸ்திரேலியா விசாவாக இருக்காது.

கனடா: பெற்றோரைக் குடியேற்றக் குலுக்கல். 2020-ல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே 2025 வரை சீட்டு எடுத்தார்கள். அதில் விழாதவர்களுக்கு 'சூப்பர் விசா' ஒன்று உண்டு. 2022-லிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

பனாமா: ஆயுளுக்கும் மாதம் 1,000 டாலர் பென்ஷன் வந்தால் வா வா என்கிறார்கள். ஹோட்டலில் சாப்பிட்டால் கால்வாசி பில் தள்ளுபடி, சினிமாவுக்குப் பாதி டிக்கெட். தொண்ணூறு மார்க் போட்ட ஸார், "பனாமாவுல யார் தம்பி இருக்காங்க நமக்கு?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். பெருமூச்சோடு ஒரு கோடு அடித்தார்.

திரும்ப அமெரிக்கா. இங்கேதான் நிஜமான விஷயங்கள் இருக்கின்றன. பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைக்கத் துடிக்கும் இளைஞர்கள் கொஞ்சம் காது கொடுக்கவும்.

ஐ-864 என்று ஒரு ஃபாரம். பிள்ளை கையெழுத்துப் போட வேண்டியது. வறுமைக் கோடு என்று அங்கே ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் 125 சதவீதம் அளவுக்காவது இவர்களைத் தாங்குவேன் என்று உறுதிமொழி. கோர்ட் வரை செல்லும். பெற்றோர் பிரஜை ஆகும் வரையிலோ, சுமார் பத்து வருஷம் அங்கே வேலை செய்யும் வரையிலோ விடாது. இந்தியாவிலும் பெற்றோரைக் காப்பாற்ற 2007-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிள்ளை காப்பாற்றாதபோது தகப்பன் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். அங்கே முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர் என்று சர்க்கார் இன்ஷூரன்ஸ் உண்டு. கிரீன் கார்டுக்காரர்கள் தொடர்ந்து ஐந்து வருஷம் அங்கே வசித்த பிறகுதான் சேரலாம். அங்கே வேலை பார்த்து வரி கட்டியிருக்காவிட்டால் முழு பிரீமியம். ஆஸ்பத்திரிப் பகுதிக்கு மட்டும் 2025-ல் மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185. ஒருவருக்குத்தான் இது. ஐந்து வருஷம் முடிகிற வரை தனியார் பாலிசி. ஸார் விரல் விட்டு எண்ணினார். "அப்ப 78 வயசு வரைக்கும் பையன் சம்பளத்துலதான் நான் இருமணும்."

மூன்றாவது, கிரீன் கார்டு என்பது போய் வருவதற்கான பாஸ் இல்லை. அங்கே குடியிருப்பதற்கு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் கேள்வி கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால், கிளம்புவதற்கு முன்பே அங்கிருந்தபடி மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அதுவும் அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்கு. மார்கழிக் கச்சேரியும் மாம்பழ சீஸனும் இங்கே, மீதி அங்கே என்று பங்கு போட முடியாது.

இங்கேயும் வேலை இருக்கிறது. நிரந்தரமாகக் கிளம்பினால் பாங்க்கில் சொல்லி, சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வீட்டை விற்றால் வரி கட்டிய பிறகு அந்தக் கணக்கிலிருந்து வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். (பத்து லட்சம் டாலருக்கு விற்கிற மாதிரி வீடு வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.) பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று உயிர்ச் சான்று தர வேண்டும். இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே ஏற்றுக்கொள்கிறது.

வீடு என்றதும் ஸார் நோட்டை மூடிவிட்டார். பையன் விற்கச் சொல்லியிருக்கிறான். பூட்டிக் கிடந்து என்ன பிரயோஜனம் என்று அவன் கேட்பதும் தப்பில்லை. ஸார் எதுவும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்: "ஸார், உங்களுக்குப் போக ஆசையா?"

"ஆறு மாசமா எழுதறோம் தம்பி. இந்தக் கேள்வி எந்த ஃபாரத்துல இருக்கு?"

எதிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஸார் மெல்லச் சொன்னார். போன தடவை டூரிஸ்ட் விசாவில் போய் ஐந்து மாதம் இருந்தார்களாம். நல்ல வெயில் காலம். மகன் மருமகள் தாங்கினார்கள். குறை ஒன்றுமில்லை. "முடி வெட்டிக்கணும்னா பையன் லீவு போட்டுக் கார்ல கொண்டு விடணும். நாப்பது வருஷம் நானா நடந்து ஸ்கூலுக்குப் போனவன் தம்பி. இவளுக்கும் அங்க பிடிக்காது. வாயைத் திறந்து சொல்ல மாட்டா."

"யார் சொன்னது?" என்று உள்ளேயிருந்து குரல். டீச்சரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் போகணும். பேரன் போன்ல 'பாட்டி, சாப்டாச்சா'ன்னு ஒண்ணுதான் தமிழ்ல கேக்கறான். அடுத்த வருஷம் அதுவும் இருக்காது. அதைக்கூட விடுங்க. நாம ரெண்டு பேர்ல ஒருத்தர் முன்னாடி போயிடுவோம். மிச்சம் இருக்கறவங்க எந்த ஊர்ல இருக்கணும்? அதை இப்பவே பேசிக்க வேண்டாமா? அதுக்குத்தான் இந்த ஃபாரம்னு நினைச்சேன். நீங்க தாய்லாந்துக்கு மார்க் போட்டுட்டு இருக்கீங்க."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள் பேச வேண்டிய விஷயத்தில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை? பேனாவை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் முடிவு வந்தது. மனு இப்போதைக்கு இல்லை. வீடும் விற்பனைக்கு இல்லை. பழைய டூரிஸ்ட் விசா இருக்கிறது, அதில் டிசம்பரில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது. மனுப் போட்ட பிறகு 'சும்மா பார்க்க வந்தேன்' என்று டூரிஸ்ட் விசாவில் இறங்கினால், ஏர்போர்ட்டில் நம்புவது சிரமம். அதனால் முதலில் இது. நம் ஆட்கள் எல்லோரும் பெற்றோரை ஜூன் மாதத்தில் அழைத்துப் பூங்காவும் நீர்வீழ்ச்சியும் காட்டுகிறார்கள். வாழப் போகிற ஊரை அது பல்லைக் காட்டுகிற மாதத்தில் பார்க்க வேண்டும் என்பது டீச்சரம்மாவின் கட்சி. பனியில் நாலு மாதம் தாங்கினால் ஏப்ரலில் பையன் மனுப் போடுவான். தாங்காவிட்டால் பேரன் லீவுக்கு லீவு இங்கே வருவான்.

காலம் தள்ளினால் மெடிகேருக்கான ஐந்து வருஷமும் தள்ளிப்போகும் என்று எச்சரித்தேன். "தெரியும் தம்பி. ஒரு குளிர்காலம்தானே" என்றார் ஸார்.

வெளிநாட்டில் இருக்கும், அல்லது போகப்போகும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஃபாரத்தை அனுப்பும் முன் போன் போடுங்கள். அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். அப்பாவைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரையும் சேர்த்து ஸ்பீக்கரில் கேட்டால் 'உன் இஷ்டம்ப்பா' என்பார்கள். அதற்கு 'சரி' என்றும் அர்த்தம், 'வேண்டாம்' என்றும் அர்த்தம். 'நீ இன்னும் சரியாகக் கேட்கவில்லை' என்றும் அர்த்தம்.