கடைக்கு இடம் காட்டுவோம், நமக்கு வேண்டாம்!



"செல்போனால் நன்மையா, தீமையா?" என்று எத்தனையோ பட்டிமன்றம் பார்த்தாச்சு. கடைசியில் நடுவர் "இரண்டும் உண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுவார். எது வரைக்கும் நன்மை, எங்கிருந்து தீமை என்று கோடு போட்டுக் காட்டுவதில்லை. நான் ஒரே ஒரு கோடு போடுகிறேன். அது போனில் இருக்கும் 'லொகேஷன்' பற்றியது. என் கருத்து இதுதான்: கடை இருக்கும் இடத்தை ஊர் உலகத்துக்கே சொல்லலாம். நாம் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. கடையைத் தேடி வருகிறவன் பொருள் வாங்க வருகிறான். நம்மைத் தேடி வருகிறவன் எதுக்கு வருகிறான் என்று யாருக்குத் தெரியும்?

முதலில், போனுக்கு நம் இடம் எப்படித் தெரிகிறது? சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அதில் குறைந்தது 4 கோள்களின் சிக்னல் கிடைத்தால் போன் கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கும். செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியாது. கணக்குப் போடுவது போன். அந்த விடையை வெளியே கொண்டு போவது ஆப். அதற்குக் கதவைத் திறந்து விடுவது நம்ம விரல்!

கடைக்கு நல்லது

எங்கள் தெருவில் ஒரு அத்தை முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறார். கடைக்குப் போர்டு கிடையாது. முன்பெல்லாம் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் "தண்ணி டேங்க் தாண்டி, வேப்ப மரத்துக்கு எதிர் வீடு" என்று கேட்டுக் கேட்டுத்தான் வருவார்கள். இப்போது அவர் மகன் கூகுள் மேப்பில் இடத்தையும் நம்பரையும் ஏற்றிவிட்டார். அதற்குக் காசு கிடையாது. தினமும் சுட்ட பலகாரத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டியை நேராக வாசலில் நிறுத்துகிறார்கள். பெரிய கடைக்காரர் டி.வி.யில் விளம்பரம் கொடுப்பார். முறுக்கு அத்தைக்கு இதுதான் டி.வி.! தையல் கடை, சைக்கிள் கடை, பூக்கட்டும் வீடு எல்லாமே இப்படிச் செய்யலாம். வீட்டில் தனியாக இருந்து தொழில் செய்கிறவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் காட்டவும் அதில் வழி இருக்கிறது.

விளையாட்டுக்குள் வியாபாரம்

2009-ல் அமெரிக்காவில் ஃபோர்ஸ்கொயர் என்ற ஆப் வந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் நவீன் செல்வதுரை. சென்னையில் பிறந்தவர். ஒரு கடைக்குப் போனால் "நான் வந்துட்டேன்" என்று போனில் தட்ட வேண்டும். எல்லோரையும் விட அதிக நாள் வந்தவருக்கு அந்தக் கடையின் 'மேயர்' பட்டம்! 2010-ல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடை தன் மேயர்களுக்கு ஒரு டாலர் தள்ளுபடி கூடக் கொடுத்தது.

அடுத்து 2016-ல் போக்கிமான் கோ வந்தது. தெருத்தெருவாக நடந்து போனில் பொம்மை பிடிக்கும் விளையாட்டு. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் தன் கடைகளில் ஏறக்குறைய 3,000 கடைகளை அந்த விளையாட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. பொம்மை பிடிக்க வந்தவனுக்குப் பசிச்சால் அங்கேதானே சாப்பிடுவான்? விளையாடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் கிடந்தவர்களை அது நடக்க வைத்தது. ஆனால் நாம் போகும் பாதையே இன்னொருவருக்கு வியாபாரம் என்பது ஞாபகம் இருக்கணும்.

தவளை தன் வாயால் கெடும்

தவளை சும்மா இருந்தால் பாம்புக்குத் தெரியாது. கத்துவதால்தான் மாட்டுகிறது. 2010-ல் நெதர்லாந்து இளைஞர்கள் ஒரு இணையதளம் தொடங்கினார்கள். அதன் பெயருக்கு "தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்" என்று அர்த்தம்! "நான் இப்போ வெளியே இருக்கேன்" என்று மக்கள் தாங்களே எல்லோருக்கும் தெரியும்படி போட்டதை அது அப்படியே எடுத்துக் காட்டியது. திருடுவதற்காக அல்ல, எச்சரிப்பதற்காக.

இன்னொன்று கேளுங்கள். ஸ்ட்ராவா என்பது ஓடுகிறவர்கள் ஓடிய பாதையைக் குறித்து வைக்கும் ஆப். அந்தப் பாதைகளை எல்லாம் சேர்த்து 2017-ல் ஒரு உலக வரைபடம் வெளியிட்டார்கள். பாலைவனத்தின் நடுவில் சில இடங்கள் மட்டும் மின்னின. அவை ராணுவ முகாம்கள்! வீரர்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய பாதை. 2018 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் 20 வயதுக் கல்லூரி மாணவர். துப்பாக்கி வைத்திருக்கிற வீரருக்கே இந்தக் கதி என்றால், புத்தகப் பை வைத்திருக்கிற நமக்கு?

போனைப் பிடுங்குவது தீர்வா?

இதைப் படித்ததும் சில வீடுகளில் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு போனு?" என்று கேட்பார்கள். அது நியாயம் இல்லை. "குடும்பத்தோட திருவிழாவுல இருக்கோம்" என்று அண்ணனும்தான் ஸ்டோரி போடுகிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அவனும்தான் ஊருக்குச் சொல்கிறான். போட்டது அண்ணனா தங்கையா என்று பார்த்துவிட்டா திருடன் வருவான்? தங்கை கையில் இருந்து போனைப் பிடுங்கினால் பாடம் பார்ப்பதும் போச்சு, ஸ்காலர்ஷிப் விவரம் பார்ப்பதும் போச்சு. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கும்.

இடம் சொல்வதிலும் நல்ல வழி உண்டு. காலேஜ் போகும் அக்கா பஸ் லேட் ஆனால் அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பலாம். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைக்கலாம். அம்மாவிடம் சொல்வது வேறு, சந்தையில் நின்று கத்துவது வேறு.

நம் நாட்டில் 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்றும் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. சட்டம் இருந்தாலும், நாமே கதவைத் திறந்து வைத்தால் யார் காப்பாற்றுவது?

ஆகவே தோழர்களே, தோழிகளே, நாலே நாலு விஷயம்:

1. போன இடத்துப் படத்தை வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். படம் ஒன்றும் ஊசிப் போகாது!
2. யூனிஃபார்ம், பள்ளிப் பெயர், பஸ் நம்பர் தெரியும் படம் வேண்டாம். லொகேஷனை அணைத்தாலும் இவை இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.
3. பாட்டுக் கேட்கும் ஆப், டார்ச் அடிக்கும் ஆப் எல்லாம் லொகேஷன் கேட்டால் "உனக்கு எதுக்கு?" என்று கேட்டு மறுத்துவிடுங்கள்.
4. உங்கள் தெருவில் போர்டு இல்லாத கடை இருந்தால், கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு மேப்பில் ஏற்றிக் கொடுங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் நம் போனை மூட நம் விரல் போதும். சிந்திப்போம்! செயல்படுவோம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி