அப்பன் கார்டும் பிள்ளையின் மார்க்கும்

அமெரிக்க வங்கிகள் தங்கள் நாட்டுப் பெற்றோர்களுக்கு ஓயாமல் ஒரு புத்திமதி சொல்லி வருகின்றன. பிள்ளை காலேஜுக்குப் போகிறானா? அப்பன் தன் கிரெடிட் கார்டில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிட வேண்டுமாம். பிள்ளைக்கு நல்ல கிரெடிட் ஸ்கோர் தானாக வந்து சேருமாம். என்ன கருணை! என்ன தாராளம்!

இந்தத் தாராளத்தை நாம் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

மார்க்கு போடும் யந்திரம்

அமெரிக்காவில் மனிதனுக்கு 300 முதல் 850 வரை மார்க்கு போடுகிறார்கள். பில் ஃபேர் என்ற இன்ஜினீயரும் ஏர்ல் ஐசக் என்ற கணித நிபுணரும் 1956-இல் ஆரம்பித்த கம்பெனி, 1989-இல் இந்த மார்க்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஃபைக்கோ ஸ்கோர் என்று அதற்குப் பெயர். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று தனியார் கம்பெனிகள் ஜனங்களின் கடன் ஜாதகத்தை வைத்திருக்கின்றன. மார்க்கு அந்த ஜாதகத்திலிருந்து பிறக்கிறது. தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவிகிதம். நிலுவையில் நிற்கும் கடனுக்கு 30. கணக்கின் வயதுக்கு 15. புதுக் கடனுக்கு 10. கடன் வகைகளுக்கு 10.

மார்க்கு குறைந்தால் வட்டி ஏறும். வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். பெரும்பாலான மாநிலங்களில் கார் இன்ஷூரன்ஸ் பிரிமியத்தையும் இந்த ஜாதகத்தைப் பார்த்தே போடுகிறார்கள். வேலைக்கு எடுக்குமுன் அதைப் புரட்டிப் பார்க்கும் முதலாளிகளும் உண்டு.

இதற்கு என்ன நியாயம் சொல்கிறார்கள்? "இது தனிமனிதனின் ஒழுக்கத்தை அளக்கும் தராசு. பிறப்பைப் பார்க்காது, குலத்தைப் பார்க்காது" என்று வங்கிகளின் வக்கீல்கள் வேதாந்தம் பேசுகிறார்கள்.

அப்படியா? இரண்டு வீடுகளுக்குள் போய்ப் பார்ப்போம்.

இரண்டு வீடுகள்

ஒரு டாக்டர் வீடு. அவருடைய கார்டு பத்து வருஷம் பழையது. 20,000 டாலர் வரை கடன் எடுக்கலாம். நிற்பதோ 1,000 டாலர். வரம்பில் 5 சதவிகிதம்தான். மகனைக் கார்டில் 'அனுமதி பெற்ற உபயோகஸ்தர்' என்று சேர்க்கிறார். மகனின் வரவு என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. மகன் கார்டைத் தொடக்கூட வேண்டாம். கடனைக் கட்டும் சட்டப் பொறுப்பும் அவனுக்கு இல்லை. இருந்தும் பத்து வருஷத்துக் கணக்கு அவன் ஜாதகத்தில் ஏறிவிடுகிறது. கணக்கு ஆரம்பித்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான்!

இன்னொன்று கிடங்குத் தொழிலாளி வீடு. கார்டின் வரம்பு 1,500 டாலர், நிற்பது 1,400. அதாவது 93 சதவிகிதம். ஆட்குறைப்பு வந்தது, ஒரு தவணை முப்பது நாள் தாண்டிவிட்டது. அந்தக் கார்டில் மகள் பெயர் இருந்தால் என்ன ஆகும்? பெரும்பாலான வங்கிகள் அந்தக் கணக்கை அவள் பெயரிலும் அறிக்கை செய்கின்றன. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி கணக்கு வைப்பதில்லை. சில கம்பெனிகள் தவறிய தவணையை உபயோகஸ்தர் தலையில் ஏற்றுவதில்லை. ஆனாலும் வரம்பு முட்டிய கடனின் நிழல் மகள் மேல் விழும். அவள் செய்த குற்றம் என்ன? தொழிலாளிக்கு மகளாகப் பிறந்ததுதான்.

மகன் ஒரு சென்ட் கட்டவில்லை, மார்க்கு ஏறியது. மகள் ஒரு சென்ட் கடன் வாங்கவில்லை, மார்க்கு இறங்கியது. இதுவா தனிமனித ஒழுக்கத்தின் தராசு? சொத்து வாரிசுக்குப் போவது நமக்குத் தெரியும். இங்கே நாணயமே வாரிசுச் சொத்தாகிவிட்டது!

யாருக்கு அந்த அப்பன் கிடைப்பான்? அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்குப்படி, நடுத்தட்டு வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்துக்கு 44,900. ஆறு மடங்கு வித்தியாசம். 1930-களிலிருந்து சர்க்காரே கறுப்பர் பேட்டைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டு வீட்டுக்கடனை மறுத்தது. 1968-இல் சட்டம் அதைத் தடுத்தது. அன்று பாட்டனுக்கு மறுத்த கடன், இன்று பேரனின் ஜாதகத்தில் வெற்றிடமாக நிற்கிறது.

போராடிப் பெற்ற விதி

உபயோகஸ்தரின் கணக்கை மார்க்கில் சேர்ப்பது வங்கிகள் இட்ட பிச்சையா? இல்லை! முன்பெல்லாம் மணமான பெண் சம்பாதித்தாலும், கடன் கேட்டால் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். குடும்பக் கணக்கு புருஷன் பெயரில் மட்டும் ஏறும். விதவையானால், விவாகரத்தானால் அவளுக்கு ஜாதகமே கிடையாது. மாதர் இயக்கத்தின் நிர்ப்பந்தத்தால்தான் 1974-இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் பிறந்தது. கார்டை உபயோகிக்கும் மனைவியின் பெயரிலும் கணக்கை அறிக்கை செய்ய வேண்டும் என்ற விதி 1977-இல் வந்தது.

பெண்கள் வென்ற அந்த உரிமையிலும் வியாபாரிகள் நுழைந்தார்கள். நல்ல கார்டுக்காரரின் கணக்கில் முன்பின் தெரியாதவர் பெயரைச் சேர்க்க நூற்றுக்கணக்கான டாலர் வசூலிக்கும் தரகர்கள் கிளம்பினார்கள். உடனே ஃபைக்கோ கம்பெனி 2007-இல் என்ன செய்தது? உபயோகஸ்தர் கணக்கையே இனி எண்ணமாட்டோம் என்று அறிவித்தது. தரகனைப் பிடிக்க மனைவிமார் அனைவரையும் தண்டிப்பதாம்! எதிர்ப்பு வந்தது, சட்டம் குறுக்கே நின்றது, 2008-இல் கம்பெனி பின்வாங்கியது. உறவினர் யார், அந்நியர் யார் என்று பிரிக்க வழி கண்டுவிட்டதாகச் சொன்னது. அந்தச் சூத்திரம் என்ன? அது வியாபார ரகசியமாம். கோடிக்கணக்கான ஜனங்களின் அந்தரங்கம் கம்பெனிக்குத் தெரியலாம். கம்பெனியின் சூத்திரம் ஜனங்களுக்குத் தெரியக்கூடாது!

ஏழைக்கும் உதவாதா?

"ஏழைக் குடும்பத்திலும் நாணயமாகக் கட்டும் ஒரு அக்கா இருந்தால் தம்பிக்கு உதவுமே" என்று கேட்பார்கள். உதவும், நாம் மறுக்கவில்லை. இந்தியாவிலிருந்து போகும் தொழிலாளியின் இந்தியக் கடன் கணக்கு அங்கே பொதுவாகச் செல்லாது. முதலில் போன உறவினரின் கார்டு அவருக்குக் கைகொடுக்கலாம். இருக்கிற கதவை உபயோகிக்காதே என்று நாம் யாருக்கும் சொல்லமாட்டோம்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நுழைய வேண்டும். தம்பி கார்டில் செலவழித்தால் கடன் முழுவதும் அக்கா தலையில். தம்பியின் பழைய கெட்ட மார்க்கு அக்காவைத் தொடாது. தம்பி வாங்கும் புதுக் கடன் தொடும். வட்டி 20 சதவிகிதத்துக்கும் மேல். கார்டு கொடுத்தவர் கணக்கு சரிந்தால், பெயரை நீக்கும்படி உடனே கேட்க வேண்டும். நீக்கினால் பொதுவாக அந்தக் கணக்கு ஜாதகத்தைவிட்டு விலகும். வங்கியின் விளம்பரத்தில் இந்த விஷயங்கள் பெரிய எழுத்தில் வராது.

அக்கா நல்லவளாக இருந்தால்தான் தம்பிக்கு வீடு என்பது ஒரு நீதியா? மாதம் தவறாமல் வாடகை கட்டுகிறவனின் நாணயம், வாடகைச் சீட்டிலேயே இருக்கிறதே! அதை ஏன் பெரும்பாலும் எண்ணுவதில்லை? 2017-இல் ஈக்விஃபாக்ஸ் கம்பெனி சுமார் 14.7 கோடிப் பேரின் அந்தரங்க விவரங்களைத் திருடர்களிடம் பறிகொடுத்தது. அதற்கு எத்தனை மார்க்கு?

கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாநிலங்கள் கார் இன்ஷூரன்ஸில் இந்த ஜாதகத்தை நுழையவிடவில்லை. அங்கே கார்கள் ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆகவே மற்ற இடங்களிலும் முடியும். வாடகைக்கும், வேலைக்கும், இன்ஷூரன்ஸுக்கும் கடன் ஜாதகம் பார்ப்பது ஒழிய வேண்டும். மார்க்கு போடும் சூத்திரம் வெளிச்சத்துக்கு வர வேண்டும். உழைத்து, வாடகை கட்டி வாழ்கிறவன் நாணயஸ்தன் என்று நிரூபிக்க அப்பனின் கார்டைத் தேடி அலையக்கூடாது.