எஞ்சின் மாற்றிய டேங்க்: செலவா, மூலதனமா?

பி.காம் முதல் வருஷ அக்கவுண்ட்ஸில் தப்பாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு கம்பெனி தன் பழைய லாரிக்கு வேறு எஞ்சின் வாங்கிப் போடுகிறது. இது கேப்பிடல் எக்ஸ்பெண்டிச்சரா, ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சரா? பாதி கிளாஸ் ஒன்றை எழுதும், மீதிப் பாதி இன்னொன்றை எழுதும். கெட்டுப் போனதைக் கழற்றிவிட்டு அதே போல ஒன்றை மாட்டினால் அது ரிப்பேர், அதாவது வெறும் செலவு. லாரியின் ஆயுளோ இழுக்கும் திறனோ கூடினால் அது மூலதனம். எஞ்சினின் விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மாற்றிய பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதே கேள்வியை லாரிக்குப் பதிலாக ஒரு டேங்குக்குப் போட்டுப் பார்க்க இப்போது நல்ல சந்தர்ப்பம் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்திய ராணுவத்தின் டி-72 டேங்குகளில் இருக்கும் 780 எச்.பி. எஞ்சினை எடுத்துவிட்டு 1000 எச்.பி. எஞ்சின் பொருத்துவதுதான் திட்டம். தொகை 24.8 கோடி அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் 2,100 கோடி ரூபாய்க்கு மேல். எஞ்சின்கள் மூன்று விதமாக வரும்: சில முழுசாக, சில பாதி பிரித்து, சில முழுக்கப் பிரித்துப் பாகம் பாகமாக. அதோடு தொழில்நுட்பமும் கைமாறும். யாருக்கு? ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கு. ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டாலும் அதன் பெயர் கனரக வாகனத் தொழிற்சாலை, சுருக்கமாக எச்.வி.எஃப்.

டேங்க் கொஞ்சம் தூரத்து விஷயம் என்று தோன்றினால் அம்பாசடரிலிருந்து ஆரம்பிக்கலாம். பெட்ரோல் அம்பாசடரில் மெடடார் வேனின் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. பழைய மெக்கானிக் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார். எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது சின்ன வேலை. தலைவலி அதற்குப் பிறகுதான். மவுண்ட்டிங் உட்காராது, பிராக்கெட் வெல்டு பண்ண வேண்டும். ரேடியேட்டர் போதாது. கிளட்ச் வழுக்கும். டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்கம் இறங்கும். எல்லாம் முடிந்த பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் ஆர்.சி. புக்கில் ஏற்ற வேண்டும்.

டேங்கிலும் இதே கதைதான், ஆர்.சி. புக் மட்டும் கிடையாது :-)

எஞ்சின் எரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மற்றதெல்லாம் சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போக வேண்டும். காரில் முன்னால் கிரில் இருக்கிறது, காற்று தானாக வரும். டேங்கில் எஞ்சின் கவசத்துக்குள் மூடிக் கிடக்கிறது. விசிறி வைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும், அந்த விசிறியும் எஞ்சினின் சக்தியைத்தான் தின்னும். ராஜஸ்தான் வெயிலும் மணலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காற்று வடிகட்டி கொஞ்சம் ஏமாற்றினாலும் உள்ளே போகும் மணல் சிலிண்டரை அறுத்துவிடும். எச்.பி. கூடினால் கியர்பாக்ஸும் அச்சும் அந்த முறுக்கத்தைத் தாங்க வேண்டும். அதனால் எஞ்சின் மாற்றம் என்பது பாதி டேங்க் மாற்றம்.

இதை ஆவடி முதல் டேங்கிலேயே கற்றுக்கொண்டது. 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது, 1965-ல் முதல் விஜயந்தா ஆவடியிலிருந்து வெளியே வந்தது. அதன் உள்ளே இருந்தது லேலண்ட் எல்60 எஞ்சின், எண்ணூர் அசோக் லேலண்டின் பெயரில் இருக்கிற அதே லேலண்ட். விநோதமான எஞ்சின் அது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன், மொத்தம் பன்னிரண்டு. சிலிண்டர் ஹெட்டே கிடையாது. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று நேட்டோ நாடுகள் ஆசைப்பட்ட காலத்தில் பிறந்தது. எல்லாம் குடிக்கத் தெரிந்த எஞ்சினுக்கு ஒழுங்காக உழைக்கத் தெரியவில்லை. சிலிண்டர் லைனர் கசிவு, சூடேறுதல் என்று பிரிட்டனின் சீஃப்டன் டேங்கையும் பாடாய்ப் படுத்தியது. விஜயந்தாவில் அது கொடுத்தது 535 எச்.பி., இழுக்க வேண்டியதோ 39 டன்.

விக்கர்ஸ் என்ன செய்தது? அடுத்த மாடலில் எல்60-ஐத் தூக்கிவிட்டு அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் 720 எச்.பி. டீசலைப் போட்டது. கென்யாவும் நைஜீரியாவும் வாங்கியது அந்த மாடலைத்தான். இஸ்ரேல் இன்னும் முன்னாலேயே இந்த வழியில் போனது. இரண்டாம் உலகப் போர்க் கடைசியில் வந்த செஞ்சூரியன் டேங்கில் இருந்தது பெட்ரோல் எஞ்சின், ஸ்பிட்ஃபயர் விமான எஞ்சினின் தம்பி. இஸ்ரேல் அதை எடுத்துவிட்டு 750 எச்.பி. டீசலையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் வைத்தது. அதற்காகப் பின்பக்க உடம்பையே பெரிதாக்க வேண்டி வந்தது. ஆனால் ஒரு தடவை நிரப்பினால் போகும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1973 போரில் கோலன் குன்றுகளில் நின்று சண்டை போட்டவை அந்தப் பழைய உடம்புகள்தான். அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால் சந்தேகமில்லாமல் மூலதனம்.

விஜயந்தாவுக்கும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. டி-72-ன் 780 எச்.பி. எஞ்சின், புதுக் கவசம், புதுக் குறிபார்க்கும் கருவி எல்லாம் வைத்துப் ‘பைசன்’ என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் மொத்த விஜயந்தாக்களுக்கும் அது போகவில்லை. இன்று விஜயந்தா பல ஊர்களில் மேடை மேல் நினைவுச் சின்னமாக நிற்கிறது, குழந்தைகள் ஏறி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, இப்போது டி-72.

சோவியத்திலிருந்து வாங்க ஆரம்பித்து, 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஆவடியிலேயே செய்த டேங்க் இது. இங்கே வைத்த பெயர் அஜேயா. எடை சுமார் 41 டன். கணக்குப் போட்டால் விஜயந்தாவில் ஒரு டன்னுக்கு 14 எச்.பி. கூட வரவில்லை. டி-72-ல் சுமார் 19. 1000 எச்.பி. வைத்தால் சுமார் 24. டாப் ஸ்பீடுக்காக யாரும் டேங்கில் எச்.பி. ஏற்றுவதில்லை. ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு எத்தனை நொடியில் பாய முடியும் என்பதில்தான் உள்ளே இருக்கும் மூன்று பேரின் உயிர் இருக்கிறது. 2020-ல் கிழக்கு லடாக்கில் டி-72-களைக் கொண்டுபோய் நிறுத்தியது நினைவிருக்கலாம். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. மூச்சு வாங்குவது மனிதனுக்கு மட்டுமில்லை, எஞ்சினுக்கும்தான்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். டி-72-ல் இப்போது இருக்கும் 780 எச்.பி. எஞ்சினின் தாத்தா, 1930-களின் கடைசியில் சோவியத்தில் உருவாகி டி-34 டேங்கில் ஓடிய வி-2 டீசல். பன்னிரண்டு சிலிண்டர், 38.8 லிட்டர், 500 எச்.பி. அதே பன்னிரண்டு சிலிண்டர், அதே 38.8 லிட்டரில் சூப்பர்சார்ஜர் வைத்து 780 ஆக்கினார்கள். டர்போ வைத்து 1000 ஆக்கினார்கள், டி-90-ல் ஓடுவது அதுதான். எண்பது வருஷமாக ஒரே அடிப்படை! புதுசு புதுசாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததால் வந்த பலம் இல்லை இது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்ததால் வந்த பலம்.

நாற்பது வருஷப் பழைய டேங்கில் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பவர்கள் உண்டு. உக்ரைன் போரில் மலிவான டிரோன்கள் டேங்குகளைக் கொளுத்துவதை எல்லோரும் போனில் பார்த்தாயிற்று. நியாயமான கேள்விதான். எஞ்சின் மாற்றினால் டிரோன் போய்விடாது. ஆனால் டி-72-க்குப் பதிலாக வரவேண்டிய எதிர்கால டேங்குக்கு 2024 செப்டம்பரில்தான் கொள்முதல் ஒப்புதல் கிடைத்தது. ஒப்புதல் காகிதம் டேங்காக மாறப் பல வருஷம் பிடிக்கும். அதுவரை ராணுவத்தின் பெரும்பகுதி டேங்குகள் இவைதான். அதில் உட்காரப் போகும் பையனுக்கு நல்ல எஞ்சின் கொடுப்பதில் தப்பே இல்லை. டி-90 என்பதே டி-72-லிருந்து வளர்ந்த டேங்க் என்பதால், அந்த உடம்பில் 1000 எச்.பி. உட்காரும் என்பதும் ஏற்கெனவே பார்த்த விஷயம். ஆகவே, டேங்கின் கணக்கில் இது மூலதனம்.

ஆவடியின் கணக்கில் என்ன? இங்கேதான் இடிக்கிறது.

ஆவடியிலேயே ஓர் எஞ்சின் தொழிற்சாலை இருக்கிறது. 2018 ஜூலையில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் அங்கே வந்து, டி-90-க்கான 1000 எச்.பி. எஞ்சினையும் டி-72-க்கான 780 எச்.பி. எஞ்சினையும் ராணுவத்திடம் ஒப்படைத்தார். முழுக்க உள்நாட்டுப் பாகங்களால் செய்தவை என்று பெருமையோடு அறிவித்தார்கள். அதற்கு ஏழு வருஷம் கழித்து, டி-72-க்கு 1000 எச்.பி. எஞ்சினும் தொழில்நுட்பமும் டாலர் கொடுத்து மறுபடி மாஸ்கோவிலிருந்து வாங்கப்படுகிறது. 2018-ல் கற்ற வித்தை எதுவரை போனது, எந்த இடத்தில் போதவில்லை? எண்ணிக்கையிலா, டி-72-க்குள் பொருத்தும் வேலையிலா, உரிமத்திலா? காரணம் எதுவாக இருந்தாலும், வரி கட்டுகிறவனுக்கு ஒரு பாராவில் சொல்லியிருக்கலாம். ராணுவ ரகசியம் எதுவும் அதில் வெளியே போகாது.

எஞ்சின் இல்லாமல் ஆவடி தவிப்பது புதுசும் இல்லை. அர்ஜுன் டேங்குக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். 1500 எச்.பி. எஞ்சினை இங்கேயே செய்வதாகத்தான் திட்டம். கைகூடவில்லை, ஜெர்மனியின் எம்.டி.யு. கம்பெனியின் 1400 எச்.பி. எஞ்சின் வந்தது. பிறகு சொராவர் என்ற இலகு டேங்க். ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து செய்தது, 2024-ல் வெளியே காட்டினார்கள். முதலில் நினைத்தது ஜெர்மன் எஞ்சின். ஏற்றுமதி அனுமதி இழுத்ததால் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சின் வைத்தார்கள். பிரிட்டன், ரஷ்யா, ஜெர்மனி, அமெரிக்கா... உடம்பு ஆவடியில், இதயம் ஊர் ஊராக.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் மைசூரில் பி.இ.எம்.எல். வளாகத்தில் ஓர் இந்திய 1500 எச்.பி. டேங்க் எஞ்சின் முதல் தடவையாக உறுமியது. அதன் பின்னால் இருப்பதும் சி.வி.ஆர்.டி.இ.தான். சோதனை மேடையில் ஓடும் எஞ்சினுக்கும் மணலில் ஆயிரம் மணி நேரம் உழைக்கும் எஞ்சினுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. எல்60-ஐச் சுமந்த ஊருக்கு அது நன்றாகவே தெரியும். அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியவர்கள் யார்? இன்று டி-72-ஐப் பிரித்து, எந்த இடத்தில் சூடேறுகிறது, எந்த சீல் கசிகிறது என்று பார்க்கப் போகிற அதே ஆவடி ஆட்கள்தான். அவர்களுக்குப் பாகம் செய்து தருகிற அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைகள்தான்.

2021 அக்டோபரில் பழைய ஆர்டனன்ஸ் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, ஆவடியின் இரண்டு தொழிற்சாலைகளும் ஏ.வி.என்.எல். என்ற கம்பெனிக்குள் வந்தன. தலைமையகமும் ஆவடியிலேயே. இனி அதற்கும் பேலன்ஸ் ஷீட் உண்டு, லாப நஷ்டம் உண்டு. ஆனால் எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் ‘கைப்பழக்கம்’ என்று ஒரு வரி கிடையாது. அனுபவசாலி ஒருவர் ரிட்டயர் ஆகும் நாளில் சொத்துப் பக்கத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. குறைய வேண்டும்!

ஆகவே இந்த 2,100 கோடியை அளக்க வேண்டியது எத்தனை எஞ்சின் மாற்றினார்கள் என்பதை வைத்து இல்லை. மூன்று விதமாக வரும் எஞ்சின்களில் முழுசாக வருவது எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது, ஆவடியில் செய்தது எவ்வளவு சீக்கிரம் உள்ளே ஏறுகிறது என்பதை வருஷா வருஷம் வெளியிட வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் ரஷ்யர் யாரும் பக்கத்தில் இல்லாமல் இதே வேலையை வேறோர் எஞ்சின் வைத்து ஆவடியால் செய்ய முடிந்தால் அது மூலதனம். பெட்டியைப் பிரித்து ஸ்பேனர் போட்டு முறுக்க மட்டும் தெரிந்திருந்தால் அது ரிப்பேர் செலவு, கொஞ்சம் பெரிய ரிப்பேர்.

அம்பாசடரில் மெடடார் எஞ்சின் வைத்த மெக்கானிக்குக்கு யாரும் தொழில்நுட்பம் கைமாற்றவில்லை. பிரித்துப் பார்த்தார், தப்புப் பண்ணினார், மறுபடி பிரித்தார். அடுத்த வண்டி வந்தபோது யாரையும் கேட்காமல் செய்தார். ஆவடிக்கு வேண்டியதும் அந்த அடுத்த வண்டிதான்.